சி பிளாக்கில் கேட்கும் ரேடியோவும் ஒரு கால்பந்து ரசிகரும்



சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு புகார் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சி பிளாக் இரண்டாவது மாடியில் நள்ளிரவு தாண்டியும் ரேடியோ சத்தம் கேட்கிறது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்பதுதான் புகார். நியாயமான புகார். இரவு பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்பது நம் சங்கத்தின் விதி. "அந்த ரேடியோவையே எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னார். வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவரலாம் என்றார் இன்னொருவர். அதற்கு முன்னால் பெரியவரிடம் பேசிப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

போனேன். 84 வயது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு பழைய டிரான்சிஸ்டர், அதன் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டிய பேட்டரி மூடி. "சத்தம் ஜாஸ்தியா இருக்கா தம்பி? எனக்கு இடது காது அறவே கேக்காது, அதான்" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருகிக் குறைத்தார். புறப்பட எழுந்தவனை உட்காரச் சொல்லி, 1962-ல் இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கிய கதையை ஆரம்பித்தார். நானும் கால்பந்துப் பைத்தியம்தான். வீட்டுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை.

அன்று அவர் சொன்னதையும், நான் படித்ததையும், என் சிறுவயது ஞாபகத்தையும் சேர்த்து இந்த இதழில் எழுத அனுமதி கேட்டேன். ரேடியோவை என்ன செய்வது என்று நாம் முடிவெடுக்கும் முன், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

ஏன் இரவில்?

முதலில் இந்தக் கேள்வி. பகலில் கேட்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வானொலி ரசிகர்கள் இரவுப் பறவைகளானதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. பூமிக்கு மேலே அறுபது, எழுபது கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கும் அயனி மண்டலத்தில் பல அடுக்குகள் உண்டு. வெயில் இருக்கும்வரை அதன் கீழ் அடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலைகள் அதற்கு மேலே உள்ள அடுக்கு வரை போய்ப் பட்டு, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போலத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். சிற்றலை இன்னும் தூரம் போகும். வானத்துக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவிக் கண்டம் விட்டுக் கண்டம் வரும். பகல் முழுக்கக் கொரகொரவென்று கிடக்கும் பெட்டி, இரவானால் கொழும்பையும் லண்டனையும் மாஸ்கோவையும் மணிலாவையும் கொண்டுவந்து தாம்பரத்தில் இறக்கும். வேறு நாட்டு நேரமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பந்தை உதைத்தால், குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை.

சென்னைக்கு ரேடியோ வந்த கதை

இந்தியாவில் வானொலியின் ஆரம்ப கட்டத்திலேயே நம் ஊர் இருக்கிறது. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் தொடங்கியது. ஆர்வலர்கள் சந்தா போட்டு நடத்திய நிலையம் அது. பணம் போதாமல் 1927-ல் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பை மறுபடி ஆரம்பித்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களும் கேட்கும்படி பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சி ஒலிபரப்பு அதற்கு வழிவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் தாம்பரமும் ஊராக வளர்ந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியம் அமைத்தார். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. 1937-ல் பாரிமுனைப் பக்கம் இருந்த கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. ரயில்வே, கல்லூரி, விமானப்படை என்று வந்து குடியேறியவர்கள் கூடவே கால்பந்தையும் கொண்டுவந்தார்கள். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஹாக்கி மட்டையும் கால்பந்தும் இல்லாத வீடு அவர்களில் குறைவு. எங்கள் தெருமுனையில் இருந்த அப்படியொரு அங்கிள்தான் எனக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று தீப்பெட்டிகளை அடுக்கி விளக்கியவர்.

பெரிய மேட்ச் பார்க்க வேண்டுமானால் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூர் மார்க்கெட்டைத் தாண்டி மாநகராட்சி ஸ்டேடியத்துக்கு நடக்க வேண்டும். இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம் அதுதான். திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கில விளையாட்டுப் பத்திரிகைகளைப் பேரம் பேசி வாங்கி வருவோம். 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்துபோனது. அங்கே வாங்கிய பத்திரிகைகளில் இருந்த படங்கள்தான், ரேடியோவில் கேட்ட பெயர்களுக்கு எங்களுக்குக் கிடைத்த முகங்கள்.

கடல் தாண்டி வந்த குரல்கள்

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படை வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி நடத்தப்பட்டது. போர் முடிந்தபின் அதன் சக்தி வாய்ந்த சிற்றலைக் கருவி இலங்கைக்குக் கிடைத்தது. இந்த ஒரு கருவிதான் ரேடியோ சிலோனை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. 1952-ல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர, ரசிகர்கள் மொத்தமாகக் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அதைச் சமாளிக்கத்தான் 1957-ல் விவித் பாரதி பிறந்தது.

தமிழில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரல்கள் வரிசையாக வந்தன. இவர்களின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் "உஷ்" என்பார்கள். மடமடவென்று பொழியும் கே. எஸ். ராஜாவின் வேகத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் பாவனை செய்யாத பையன் இல்லை. அந்த ராஜா 1994-ல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, பார்த்தே இராத ஒரு மனிதருக்காக எங்கள் தெருவில் துக்கம் இருந்தது.

லண்டனிலிருந்து தமிழோசை. பி.பி.சி. தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது 1941 மே மாதம், போரின் நடுவில். தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம் என்ற யாழ்ப்பாணத்துத் தமிழர். பேச்சுத் தமிழை ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும் என்று யோசித்து, ஒலிபரப்புக் கலை பற்றித் தமிழில் புத்தகமே எழுதியவர் அவர். வீட்டுக்குள் ஒருவரிடம் பேசுவதுபோல் பேச வேண்டும் என்பது அந்தத் தலைமுறை ஒலிபரப்பாளர்களின் பாடம். அவர்கள் மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உங்களிடம் மட்டும் பேசினார்கள். நள்ளிரவுக் குரலின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேட்டுப் பார்த்த கால்பந்து

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டத்தை ரேடியோவில் முதலில் நேரடியாக வர்ணித்தது 1927 ஜனவரி 22-ல், லண்டன் ஹைபரி மைதானத்தில். ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகள் ஆடின, 1-1. வர்ணனையாளர் டெடி வேக்லம். கேட்பவர்களுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று எப்படிப் புரியும்? பி.பி.சி. ஒரு யோசனை செய்தது. மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படத்தைத் தன் பத்திரிகையில் அச்சிட்டது. வர்ணனையாளர் பேசிக்கொண்டே போக, பக்கத்தில் இருந்த இன்னொருவர் கட்டத்தின் எண்ணை மட்டும் சொல்வார். கேட்பவர் மடியில் படத்தை வைத்துக்கொண்டு விரலால் பந்தைத் தொடர்வார்.

இதைச் சொன்னதும் நம் பெரியவர் சிரித்தார். "எங்களுக்குக் கட்டம் எல்லாம் வேண்டாம் தம்பி. ரேடியோவுல மேட்ச் கேட்டவனுக்கு மைதானம் தலைக்குள்ளேயே இருக்கும்" என்றார்.

கொல்கத்தாவில் அஜய் பாசு வங்காள மொழியில் வர்ணித்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டங்களுக்காகத் தெருவே காத்திருக்கும். உலகம் முழுக்கப் பேசப்படும் வர்ணனை ஒன்றும் ரேடியோவில் வந்ததுதான். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீரர்களை ஒவ்வொருவராகக் கடந்து மாரடோனா கோல் போட்டபோது, விக்டர் ஹ்யூகோ மொராலஸ் என்ற உருகுவே நாட்டு வர்ணனையாளர் அழுதேவிட்டார். மாரடோனாவை அண்டவெளிக் காற்றாடி என்று அழைத்தார். காற்றாடி விட்ட மெட்ராஸ்காரனுக்கு அந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

பி.பி.சி. வானொலியில் இங்கிலாந்து லீக் முடிவுகளை ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் வாசித்தவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன். முதல் அணியின் பெயரையும் கோலையும் சொல்லி, இரண்டாவது அணியின் பெயரை உச்சரிக்கும்போதே அவர் குரல் ஏறினால் அந்த அணி ஜெயித்திருக்கிறது, இறங்கினால் தோற்றிருக்கிறது, சமமாக இருந்தால் டிரா. எண் வருவதற்கு முன்பே குரலே முடிவைச் சொல்லிவிடும். 2013-ல் ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை.

1962, ஜகார்த்தா

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தியக் கால்பந்து என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காவது இடம். நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ் இடம்பெற்ற அணி பெருவுக்கு எதிராக அடித்த கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல். அதன்பின் நாம் ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. 1973-ல் கேரளா முதல்முறை சந்தோஷ் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவரும் இதே சைமன்தான்.

1962 ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி எதிர்த்துப் பேசியதால் அங்கே நம் மேல் கடும் கோபம். செப்டம்பர் 4-ல் தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். மைதானம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். பி. கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கம்பத்துக்கு நடுவே பீட்டர் தங்கராஜ். 2-1 என்று தங்கம் நமக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

பெரியவருக்கு அப்போது இருபது வயது. ரயில்வே நண்பர் ஒருவர் வீட்டில் வால்வு ரேடியோ. போட்டதும் பேசாது, சூடாக ஒரு நிமிடம் ஆகும். பச்சை விளக்கு மெல்ல விரியும். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய பெட்டி என்பதால் அதைத் தொட வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உரிமை. செய்தியில் முடிவைச் சொன்னபோது வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்களாம். "யாருக்கும் முதல்ல நம்பிக்கை வரல. அடுத்த செய்தி வரைக்கும் நின்னு, இன்னொரு தடவை கேட்டுட்டுத்தான் போனோம்" என்றார்.

1978, இரவு பதினொன்றரை

இனி என் கதை. 1978 ஜூன் 25. எனக்குப் பதிமூன்று வயது. அப்பா தாம்பரம் கார் ஷெட்டில் வேலை. காலை ஆறு மணி டூட்டி. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தாக வேண்டும். அதன்பின் ரேடியோவைத் தொட்டால் முதுகு பழுக்கும்.

அன்று அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நெதர்லாந்துடன். அங்கே பிற்பகல் மூன்று மணி. இங்கே இரவு பதினொன்றரை. சென்னையில் டி.வி. 1975-லேயே வந்துவிட்டாலும் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் டிரான்சிஸ்டரைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டான். நான் அவன் பக்கத்தில். லண்டன் நிலையத்தைப் பிடித்தோம். ஆட்டம் தொடங்கவே தாமதம்: ஒரு டச்சு வீரர் கையில் கட்டியிருந்த மாவுக்கட்டை அர்ஜென்டினாக்காரர்கள் ஆட்சேபித்தார்களாம். முதல் பாதியில் கெம்பஸ் கோல். 82-வது நிமிடத்தில் நானிங்கா தலையால் முட்டிச் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் டச்சுக்காரர் ரென்சென்பிரிங்க் அடித்த பந்து... அதோடு அலை தேய்ந்து குரல் அமுங்கிப் போனது. கூட்டத்தின் இரைச்சல் மட்டும் அலையலையாக வந்தது. கோலா, இல்லையா?

அண்ணன் பதற்றத்தில் குமிழைத் திருக, ரேடியோ ஒரேயடியாக அலறிவிட்டது. அப்பா எழுந்து வந்தார். போர்வையை விலக்கினார். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ரேடியோவை வாங்கி, சத்தத்தைக் குறைத்து, ஏரியலை ஜன்னல் கம்பி மேல் சாய்த்து, காதருகே வைத்துக் கேட்டார். "கம்பத்துல பட்டுடுச்சாம்" என்றார். பிறகு போகவில்லை. பாயில் உட்கார்ந்தார். கூடுதல் நேரத்தில் கெம்பஸ் ஒன்று, பெர்ட்டோனி ஒன்று. 3-1. முடியும்போது ஏறத்தாழ இரண்டு மணி. நாலரைக்கு எழுந்து டூட்டிக்குப் போனார்.

அப்பாவுக்குக் கால்பந்து பிடிக்கும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குமுன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 1986 இறுதி ஆட்டமும் நமக்குச் சரியாக இரவு பதினொன்றரைக்குத்தான், அதிலும் அர்ஜென்டினாதான். அதை டி.வி.யில் பார்த்தோம். மாரடோனாவை நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுவது கேட்ட ஆட்டம்தான்.

அந்த ரேடியோ நமக்குச் செய்தது

டி.வி., கேபிள், போன் என்று வந்தபின் சிற்றலை மெல்ல அடங்கியது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017-ல் நின்றுவிட்டது. பழைய பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2015 டிசம்பர் 1 இரவு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. நம் சி பிளாக் மாடிப்படியில் ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எந்த ஏரி திறந்தது, எந்தச் சாலை துண்டானது, எங்கே படகு போகிறது என்பதை அதைச் சுற்றி நின்றுதான் கேட்டோம். முடிச்சூரில் இருந்த தங்கள் உறவினருக்காக அந்தப் படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அந்த டிரான்சிஸ்டர் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ரப்பர் பேண்ட் போட்ட அதே பெட்டிதான்.

என் வேண்டுகோள்

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தூக்கமும் முக்கியம். டி பிளாக் கல்லூரிப் பையன்கள் இருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையணைக்கு அடியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பெரியவரின் நல்ல காதுப் பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளாகப் பக்கத்து வீட்டில் சத்தம் இல்லை. புகார் கொடுத்த குடும்பத்தாரே இதை என்னிடம் உறுதி செய்தார்கள். எனவே தீர்மானம் வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. இந்த ஆண்டு உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில். தொடக்க ஆட்டம் நமக்கு ஜூன் 12 அதிகாலை பன்னிரண்டரை மணி. இறுதி ஆட்டம் ஜூலை 20 அதிகாலை பன்னிரண்டரை. கிளப் ஹவுஸ் திரையைப் போடலாமா என்று வாட்ஸ்அப்பில் இப்போதே சண்டை. போடுங்கள், ஆனால் சத்தத்தை எங்கள் போர்வைக்குள் இருந்த அளவுக்கு வையுங்கள். கோல் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கும் வித்தையை எங்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

பெரியவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவைக்கும்படி டி பிளாக் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். வலது காது திரைப் பக்கம் இருக்க வேண்டும். வருவதாகச் சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டரையும் எடுத்து வருவாராம், கரண்ட் போனால் வேண்டுமே என்று.